வாசல் தாண்டாத புரதம்

மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் பேனாவால் வரைந்து கொடுத்த படம் அது. ஒரு வட்டம், உள்ளே நாலைந்து கோடு, குட்டிக் குட்டிப் பைகள். ஒரகடத்தில் எங்கள் பிரேக் கம்பெனி கேன்டீனில், சாம்பார் சாதத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து எனக்குக் காட்டினாள் குவாலிட்டி அக்கா.

அதுவரைக்கும் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் லைனில் பூட்டி அனுப்பும் பாகங்களைக் கடைசி மேஜையில் உட்கார்ந்து சோதிப்பவள் அவள். மயிரிழை கோணியிருந்தாலும் கழித்துவிடுவாள். "இதெல்லாம் ஓடும்க்கா, வுடேன்!" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! "வண்டி ஓடும்டி, நிக்கணுமே" என்பாள். பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைப்பாக்கத்தில் அவளுக்கு ஒன்பது வயதில் ஒரே மகள். பிறந்ததிலிருந்து இருமல். "முத்தம் குடுத்தா உப்பு கரிக்குதுடி" என்று அக்கா சொன்னபோது, வேர்வைதானே என்று சிரித்தோம். பாவிகள், வேறென்ன சொல்ல. அதுவும் நோயின் அடையாளம் என்று சென்னை டாக்டர்தான் கண்டுபிடித்தார். நுரையீரலில் சளி இளகியிருக்க ஒரு புரதம் வேண்டுமாம். உடம்பின் செல், படத்தில் அந்த வட்டம், அதை உள்ளே செய்து, சின்னப் பைகளில் ஏற்றி, தன் விளிம்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் உள்ளேயே ஒரு சோதனை உண்டு. இந்தக் குழந்தைக்குப் புரதம் கொஞ்சம் தப்பாக மடிகிறது. செல் அதைப் பிடித்து வைத்து உடைத்துப் போட்டுவிடுகிறது. விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தால் அரைகுறையாகவாவது வேலை செய்யுமாம். மடிப்பைச் சரிசெய்து அனுப்பிவைக்கும் மருந்து வெளிநாட்டில் இருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றாராம் டாக்டர்.

அக்கா படத்தில் அந்தச் சோதனை நடக்கும் இடத்தின் மேல் விரலை வைத்தாள். "அங்கயும் என்ன மாரி ஒருத்தி உக்காந்துகினு கீறாடி" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மருந்து வரவில்லை. ஐப்பசி மழையில் குழந்தை போய்விட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று, வேறு பிரிவு தருகிறேன் என்றார் சூப்பர்வைசர். வேண்டாம் என்று தன் மேஜைக்கே போனாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். கையில் நான் பூட்டிய பாகம் ஒன்று. அளவுக் கருவியின் முள் எல்லைக் கோட்டைத் துளிதான் தாண்டியிருந்தது.

"நீயே சொல்லுடி. வுட்டுடலாமா?"

நாலு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவளோடு மல்லுக்கு நின்றேன். விட்டிருந்தால் அது வேலை செய்திருக்கும், எனக்கே தெரியும். ஆனால் அது பிரேக். யார் வீட்டுப் பிள்ளை ஏறும் வண்டியோ.

"வேணாம்க்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். சாவு வீட்டில்கூட அழாதவள், மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்தப் பாகத்தை அவள் கையிலிருந்து நான்தான் வாங்கிக் கழிவில் போட்டேன்.