கோவிந்தராஜுலுவின் கைகள்

கோவிந்தராஜுலு மனைவியின் நைட்டியை மாட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த கதையை அமராவதி அணைக்குப் போகும் சாலையோரத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு சிரித்தால் நன்றாக இருக்கும்.

அவர் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு என்று நீளும் கை, வேலை முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். ஓடுகிற இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மகள் மௌனிகாவின் நெற்றியில் கை வைத்ததும் காய்ச்சல் பார்க்கத்தான். காரணமில்லாமல் ஒருவரைத் தொடுவது அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் மனைவி பத்மாவதியோடு ஒரே சீட்டில் உட்கார்ந்தாலும் நடுவில் பை இருக்கும். அதற்காகப் பிரியம் இல்லாதவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உடுமலைக்குப் போனால் ஜாதிமல்லி வாங்காமல் திரும்ப மாட்டார். வாங்கி வந்து, கையில் கொடுக்காமல், ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மாளும் எடுத்து வைத்துக்கொள்வாள். அவர்கள் குடித்தனம் அப்படி ஓடியது.

மாடு பத்மாவதியின் ஆசை. செல்லி என்று பெயர். ஜெர்சிக் கலப்பு. கிடாரிக் கன்று ஒன்று போட்டது, கன்று தங்கவில்லை. செல்லி கத்திய கத்தலில் தெருவே தூக்கம் கெட்டது. பத்மாவதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பகல் முழுவதும் கொட்டகையிலேயே கிடந்தாள். அன்றிலிருந்து அது அவள் கைக்கு மட்டுமே பால் இறக்கியது. வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது பாதி தெலுங்கு, பாதி கொங்குத் தமிழ். செல்லியோடு மட்டும் முழுத் தமிழ். கவுண்டர் வீட்டில் வாங்கிய மாட்டுக்குத் தெலுங்கு புரியாது என்பது பத்மாவதியின் கட்சி. அவர்கள் பேச்சை நானும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதக் காற்று வீசிய ஒரு நாள், பத்மாவதி கொட்டகை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன். பிறகு சரவணம்பட்டியில் மௌனிகாவின் ஃபிளாட்டில் ஓய்வு. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கேட்டது ஒன்றுதான்.

"செல்லிய மட்டும் வித்துப்போடாதீங்க. நான் வாரப்ப அது இருக்கோணும்."

"இருக்கும்," என்றார் கோவிந்தராஜுலு. வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வினை தொடங்கியது.

கூலிக்கு ஒரு கறவைக்காரரைப் பிடித்தார். செல்லி விட்ட உதையில் வாளி வாசலுக்கு உருண்டது. பால் இறங்கவே இல்லை. மடி கல்லாக இறுகிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் மடிநோய் வந்து மாடு வீணாகும் என்று கறவைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மௌனிகா போனில், "வித்துருங்கப்பா, வேற மாடு பாத்துக்கலாம்," என்றாள். பத்மாவதி போனை வாங்கி, "கறந்துச்சுங்களா?" என்று கேட்பாள். "ம்," என்பார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அந்த ஒரு எழுத்துக்கு மேல் அவருக்கு வராது. இடுப்பு உடைந்து வருகிறவள் வெறும் கொட்டகையைப் பார்த்து நிற்பாளே என்று நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நைட்டி யோசனை சொன்னவர் சொசைட்டிக்குப் பால் எடுக்க வண்டியில் வரும் ஆரோன்.

"ஏனுங்ணா, அக்காவோட நைட்டியப் போட்டுக்கிட்டு உக்காருங்க. மாடு வாசத்துலதாங்க ஆளக் கண்டுபிடிக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டு, பூப்போட்ட நைட்டியை வேட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செல்லி திரும்பி முகர்ந்து பார்த்தது. கொஞ்சமாகப் பால் இறக்கியது. அரை லிட்டர் இருக்கும். கோவிந்தராஜுலுவுக்கு உலகத்தையே பிடித்துவிட்ட சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் காரியத்தைக் கெடுத்தார். மில்லில் இருந்த நாளெல்லாம் யூனிஃபார்மில் ஒரு கறை தங்க விடாதவர். சாணி பட்ட நைட்டியைப் பார்க்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வாசனை திரவத்தில் அலசி, மொட்டை வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்தார். அடுத்த நாள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது செல்லி ஒரு முறை முகர்ந்தது. பிறகு விட்டது பாருங்கள், உதை. நைட்டியும் வாளியும் அவரும் மூன்று திசையில் கிடந்ததை ஆரோன் பார்த்துவிட்டார். ஊருக்குக் கதை கிடைத்தது அப்படித்தான்.

முழங்காலில் மஞ்சள் பற்றோடு அவர் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தார். டாக்டர் சாஜிதா பேகம் சின்ன வயது. கூடவே வந்து மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நோவு இன்னும் வரலீங்க. பாலும் இருக்குது. ஆனா பாலை இறக்கி உடறது மடி இல்லீங்க, மூளை. பழகின கை பட்டா ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன் சொரக்கும்; பால் தானா இறங்கும். மாடு பயந்துபோச்சுன்னா அட்ரினலின் வந்து அதைத் தடுத்துப்போடும்."

"ஊசி ஒண்ணு போட்டுடுங்களேன்."

"போட்டா இன்னைக்கு இறங்கும். அப்பறம் தெனமும் ஊசி கேக்கும். வேண்டாமுங்க." டாக்டர் அவர் கையைப் பார்த்தார். "மாட்டை விட நீங்கதான் பயந்திருக்கறீங்க. ஸ்பேனரைப் புடிக்கற மாதிரி காம்பைப் புடிக்கறீங்க, மூச்சையும் அடக்கிக்கறீங்க. உங்க பதட்டம் அதுக்குத் தெரியும். வாளிய வெளிய வெச்சுட்டு வாங்க. கழுத்துக்குக் கீழ, தாடி தொங்குதுங்களே, அங்க சொறிஞ்சு குடுங்க. கறக்கறதுக்காகத் தொடாதீங்க. சும்மா தொடுங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதானுங்க. அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. அந்த ஹார்மோன் மாட்டுக்கு மட்டும் இல்லீங்க, நமக்கும் இருக்குது."

வேலை எதுவும் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோவிந்தராஜுலு வெகுநேரம் நின்றார். பிறகு செல்லியின் கழுத்தில் வைத்தார். தோல் சிலிர்த்து உதறியது. எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார்.

அதற்கப்புறம் வந்த காலைகளைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்ல வராது. மேற்கே காற்றாலைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். தென்னை ஓலைகளின் நிழல் செல்லியின் முதுகில் ஏறி இறங்கும். அவர் விரல்கள் தொங்குதாடியின் மடிப்புகளில் தாமாகவே போய்வரும். ஒரு நாள் களைப்பில் நெற்றியை அதன் விலாவில் சாய்த்தார். உள்ளே ஏதோ பெரிய நீர்நிலை புரண்டு படுப்பதுபோல் சத்தம் கேட்டது. வெதுவெதுப்பு நெற்றியிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து தோளுக்கும் இறங்கியது. ஓய்வுபெற்ற பிறகும் அவர் காதுக்குள் மில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்த இரைச்சல் மெல்ல மெல்லத் தூரத்துக்குப் போவது மாதிரி இருந்தது. தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது. அணைத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பதாகவும், தண்ணீரே மூச்சு விடுவதாகவும், தான் அதோடு ஏறி இறங்குவதாகவும் ஒரு நினைப்பு. செல்லி கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, அசைபோட்டபடி நின்றது. பிரஷர் பார்க்கப் போன இடத்தில், அளவு இறங்கியிருந்ததைப் பார்த்த நர்ஸ், "என்னங்க, மாத்திரைய மாத்துனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார்.

அப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் பாதத்தில் சூடாக ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தார். பால். யாரும் தொடாத காம்பிலிருந்து தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாளிக்கு ஓடக்கூட மனமில்லாமல் அங்கேயே குத்தவைத்து, கிடைத்த சொம்பில் கறந்தார். நுரை பொங்கியது. கோவிந்தராஜுலு அழுதார். அன்று போனில், "கறந்துச்சுங்களா?" என்ற கேள்விக்கு, "நெறையக் கறந்துச்சு பத்மா," என்றார். ஒரு எழுத்துக்காரர் மூன்று வார்த்தை பேசிவிட்டார்.

பத்மாவதி வாக்கரோடு காரிலிருந்து இறங்கிய நாளில் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போனாள். செல்லி ம்மா என்று கூப்பிட்டு அவள் கையை நக்கியது. அவள் கண் நிறைந்துவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் கோவிந்தராஜுலு மாட்டின் அருகே போய், வழக்கம்போலக் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொறிந்தார்.

"என்ன கண்ணு, ஆரு வந்திருக்காங்க பாரு."

செல்லி அவர் தோளில் முகவாயைப் போட்டுக் கண்ணை மூடியது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பாராட்டு வரும் என்று நினைத்திருந்தார். பத்மாவதி சிரிக்கவில்லை.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க. சும்மா தொடச் சொன்னாங்க."

அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டின் கழுத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த கையை.

"ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குச்சுங்க. ஒரு நர்ஸ் புள்ளைதான் என் கையப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. அதும் பேருகூட எனக்குத் தெரியாது. நீங்க ஃபைலப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அறுத்தது. மாடு இருந்தால் போதும், இவள் ஆறிவிடுவாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. 

செல்லியை விட்டுவிட்டு நடந்து வந்தார். நடுவில் வாக்கர் இருந்தது. அதன் கம்பியை இறுகப் பிடித்திருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். அவள் விரல்கள் விறைத்துப்போய் இருந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.  காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மௌனிகா பாக்கறா," என்றாள் பத்மாவதி, மெதுவாக.

"பாக்கட்டும்."

வெகுநேரம் கழித்து அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தோள் இறங்கியது. வலிக்குப் பயந்து இத்தனை நாள் தானே சுமந்துகொண்டிருந்த பாரத்தை அவர் நெஞ்சில் சாய்த்து அவள் விம்மத் தொடங்கினாள். அன்றைக்குப் பால் எடுக்க வந்த ஆரோன் வாசலிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.