வார்டுக்குப் போய்ச் சேராத பெயர்கள்

மேனேஜர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னபோது, எங்கள் டீம் லீட் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து நிற்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. திருவனந்தபுரம் கழக்கூட்டத்து அலுவலகத்தின் கண்ணாடிக்கு வெளியே மழை நெடுஞ்சாலையை மறைத்துப் பெய்துகொண்டிருந்தது. மேனேஜர் பாலக்காட்டுக்காரர், எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். "ஒரு வரி மதி, அது போதும். தோத்துப்போன மெசேஜெல்லாம் தன்னால அழிஞ்சு போயிடும், ஸ்க்ரீன்ல சிவப்பே வராது" என்றார். அவள் திரையைப் பார்த்தபடியே, "அது குப்பையில்லை சாரே. ஒவ்வொண்ணும் ஒரு ஆளாக்கும். நான் எழுத மாட்டேன்" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவள் வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் சாலை பஜாரில் பாத்திரக்கடை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கிவிட்டவரின் மகள். கிழக்கேகோட்டையில் ஒரே பஸ் பிடிப்போம். அலுவலகத்தில் அவள் டீம் லீட், நான் டெஸ்டர். பஸ்ஸில் இருவரும் வாடீ போடீதான். அப்போது நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி ஒரு பாஷை பேசும், வார்டில் இருக்கும் கணினி வேறு பாஷை பேசும். நடுவில் நின்று, பரிசோதனை முடிவைச் செய்தியாக வாங்கி, மாற்றி எழுதி, அங்கே சேர்க்கும் மென்பொருள் ஒன்றை நிறுவியிருந்தோம். ஓப்பன் சோர்ஸ், உலகத்தில் யாரெல்லாமோ சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். சேர்க்க முடியாத செய்தியை அது சில முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அப்படியும் முடியாவிட்டால் என்ன செய்வது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தனியாக எடுத்து வைக்கலாம், தூக்கியும் போடலாம்.

கோளாறு தெரிய வந்தது பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் சேச்சி போன் செய்ததால். இலவச வார்டில் கிடந்த ஓர் அம்மாளின் பொட்டாசியம் அளவு ஆபத்தான உயரத்தில் இருந்திருக்கிறது. முடிவை அனுப்பியாயிற்று என்று இவர்கள் இருக்க, வரவில்லையே என்று அவர்கள் இருக்க, கடைசியில் அந்த அம்மாளின் மகன் படியேறி வந்து கேட்டிருக்கிறான். சேச்சிதான் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்பினாராம். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அது எங்கள் மென்பொருளால் அல்ல.

அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து, தோற்ற செய்திகளை இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் நோயாளியின் பெயர் மலையாள எழுத்தில் இருந்தது. கட்டண வார்டுக்காரர்கள் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுப்பார்கள். இலவச வார்டில் ரேஷன் கார்டைப் பார்த்து அதில் உள்ளபடியே அடித்துவிடுவார்கள். மென்பொருளோ ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று அளந்தது. மலையாளம், தமிழ் மாதிரி நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் வேண்டும். ஆகவே பெயர் அளவுக்கு மீறி இடம் பிடிக்க, செய்தியின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போனது. பரிசோதனை முடிவு இருந்ததே அந்தக் கடைசிப் பகுதியில்தான். அவள் கடைசிச் செய்தியையும் மூடினாள். பிறகு, "பணம் கட்டினவாளுக்கு மட்டும் சரியா வேலை செய்யறதுடீ இது" என்றாள்.

மருத்துவமனைக்காரர்கள் பார்வையிட வர ஒரு வாரம் இருந்தது. சரிசெய்ய அவள் அவகாசம் கேட்டாள். மேனேஜர் அதைக் கொடுக்காமல் அந்த ஒரு வரியைக் கேட்டார். அவள் மறுத்த பிறகு, பெயர்களை ஆங்கிலத்திலேயே அடிக்கச் சொல்லிவிடலாம் என்றார். "அவா பேரை மாத்தச் சொல்ல நாம யாரு?" என்றாள் அவள். அன்று பஸ்ஸில் என்னிடம், "மீட்டிங்ல நான் உள்ளதைச் சொல்லப்போறேன், கேட்டியா. உன் பேரை இழுக்க மாட்டேன்" என்றாள். "இழுத்தா இழுத்துக்கோ. டெஸ்ட் பண்ணிப் பாத்தது நான்தானே" என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. வீட்டில் என் சம்பளம்தான் பெரிது.

கூட்டத்தில் மேனேஜர் படம் போட்டு விளக்கி முடித்தார். கேள்வி உண்டா என்று மருத்துவமனையின் தலைமை டாக்டரம்மா கேட்டபோது அவள் எழுந்தாள். எந்த வார்டின் முடிவுகள் வராமல் போகின்றன, ஏன் போகின்றன என்று சொன்னாள். இப்போதைக்குத் தோற்ற செய்திகளைத் தூக்கிப் போடாமல் தனி வரிசையில் நிறுத்தியிருக்கிறோம், அதைப் பார்த்துப் பரிசோதனைக் கூடம் வார்டுக்கு போன் செய்தே ஆக வேண்டும் என்றாள். நான் எழுந்து, சோதித்தவள் நான், சொன்னது சரி என்றேன். டாக்டரம்மா மேனேஜரைப் பார்த்து, "திருத்திட்டுக் காட்டுங்க. அது வரைக்கும் இந்தப் பொண்ணு சொல்றபடி நடக்கட்டும்" என்றார்.

திருத்தினாள். மூன்றே நாள் வேலை. அதை மென்பொருளை எழுதியவர்களுக்கு அனுப்பக் கூடாது என்று நிறுவனம் தடுத்தது. நம் நேரத்தில் செய்ததை ஊருக்கு ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்றார்கள். எல்லாருடைய உழைப்பையும் சும்மா எடுத்துத்தானே விற்கிறோம் என்று அவள் கேட்டாள். பதிலுக்கு, யாருமே இல்லாத ஒரு பிரிவுக்கு மாற்றல்தான் வந்தது. அடுத்த மாதம் ராஜினாமா செய்தாள். வலியசாலை வீட்டின் டயல் அப் இணைப்பில் உட்கார்ந்து, முதலிலிருந்து வேறு வழியில் தானாகவே எழுதி, தன் சொந்தப் பெயரில் அனுப்பினாள். மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர், பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராதே என்று எழுதினார். அவள் எழுதிய பதிலை எனக்குக் காட்டினாள். 'இவை எங்கள் ஊர் மனிதர்களின் பெயர்கள். அவர்கள் பிறந்தபோது வைத்தவை. பிழை உங்கள் அளவுகோலில் இருக்கிறது.' சில வாரச் சண்டைக்குப் பின் ஏற்றுக்கொண்டார்கள்.

என்னை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. பல வருடம் சம்பள உயர்வு தராமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் இன்னும் கழக்கூட்டத்தில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனியில். பழைய ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டால் அவளைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: பிடிவாதம் பிடித்து என்ன கண்டாள்? முன்பெல்லாம் விளக்கம் சொல்லுவேன். இப்போது, அந்த இலவச வார்டில் படுத்துவிட்டு வந்து இதைக் கேளுங்கள் என்று சொல்லி நடந்துவிடுகிறேன்.

போன வாரம் அவளிடமே கேட்டேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், அதே மாதிரியான மென்பொருள் வேலை. வேலையை விட்டதற்கு ஒரு தடவையாவது வருத்தப்பட்டாயா என்றேன். போனில் குக்கர் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எதுக்குடீ வருத்தம்? அன்னிக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தா, நான் மறந்தாலும் அது இன்னும் ஓடிண்டிருக்கும்."