மணிக்கட்டில் கட்டிய பத்தியம்

மாமனாரின் கல்வத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. நடுவில் குழிந்த நீளமான கருங்கல். அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு குழவி. விடிந்ததும் வாசலில் குந்திக்கொண்டு சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் போட்டு அரைக்கத் தொடங்கிவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால் கோழிகூட ஒதுங்கிப் போகும் என்று என் கொழுந்தனார் கேலி செய்வார், மாமனார் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டுதான். எனக்குக் கேலி வராது. அந்தத் தூள் போய்ச் சேர்ந்த இடம் என் வயிறு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடும் பஸ்ஸும் வராத காலம். மாமனார் வாலிபத்தில் புளியஞ்சோலை வழியாக இறங்கித் துறையூர்ப் பக்கம் போய், ஓர் ஆயுர்வேத வைத்தியர் வீட்டில் மூன்று வருஷம் மருந்து இடித்தாராம். இடிக்கப் போனவர் வைத்தியராகத் திரும்பி வந்தார். ஆயுர்வேதம் என்ற சொல்லே மலைக்குப் புதிது. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு படி கனத்துவிடும். ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கொன்றது நாலைந்து வேர் இருந்தால் அதிகம். வயிற்றுப் பொருமலா, புளியேப்பமா, கழிச்சலா, பசியின்மையா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரத் தூளைத் தேனில் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுப்பார். சாமைச் சோற்றை மூக்குமுட்டத் தின்றுவிட்டு வயிறு உப்பி வந்தவர்களுக்கு அது கேட்கத்தான் செய்தது, அதை நான் மறுக்கவில்லை. அவர்கள் விட்ட நாலு ஏப்பத்தை வைத்துக்கொண்டே அவர் பெரிய வைத்தியர் ஆகிவிட்டார்.

கேட்காதவர்களுக்கு என்ன செய்வார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. மருந்து தொடங்கும் நாளில் நோயாளியின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார். நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உப்பு, புளி, மிளகாய், மோர், கீரை, பழம் எதுவும் ஆகாது. வெறும் சாமைக் கஞ்சிதான். குணமானால் ஊரைக் கூட்டிக் கயிற்றை அவிழ்ப்பார். குணமாகாவிட்டாலும் ஊரைக் கூட்டுவார். அப்போது கத்தியால் அறுப்பார். “பத்தியம் முறிஞ்சு போச்சு” என்று ஒரே சொல். மருந்து ஒருநாளும் தப்பாது, தின்றவர்தான் தப்பு. கயிறு அறுபட்ட பெண் வாயைக் கட்டத் தெரியாதவள். விதைக் கூடையைத் தொடக்கூட அவளை விடமாட்டார்கள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியத் தொடங்கியது. வெறும் வயிற்றில் பிராணனை வாங்கும். ஒரு வாய் சோறு விழுந்தால் கொஞ்சம் அடங்கும். பட்டினி கிடந்தால் எரிகிற வயிறு, அதற்குப் பத்தியக் கஞ்சியும் மிளகுத் தூளும்! பத்து நாளில் குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியாக வந்தது. அது பலாப்பழக் காலம். மாமனார் முற்றத்தில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டார்.

“ஏம் புள்ள, ஆருக்குந் தெரியாம பலாச்சுளை தின்னியா?”

“இல்லீங்க மாமா. சாமி சத்தியமா இல்லீங்க.”

“அப்ப எம் மருந்து பொய் சொல்லுதா?”

இன்னும் எட்டு நாள் பார்ப்பது, அதற்குள் தேறாவிட்டால் கயிற்றை அறுத்துப் மலையின் இன்னொரு மூலையில், பைல் நாட்டில், என் அப்பன் வீட்டில் விட்டுவிடுவது என்று தன் மகனிடம் சொல்லிவிட்டார். என் புருஷன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைவிரல் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் காலை உருண்டையை வாயில் போட்டேன், காந்தவில்லை. அரைத்துத் தருவது மாமனார், தேனில் பிசைந்து உருட்டுவது அத்தை. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் அடுப்பை விட்டுத் திரும்பாமலே, “பேசாம முழுங்கு கண்ணு” என்றார். வறுத்த கேழ்வரகு மாவு. வாசனைக்கு மேலே மட்டும் ஒரு சிட்டிகை மருந்து. காட்டுக்குப் போகும்போது கூடையில் மறைத்து எடுத்து வந்து, வேகவைத்த மணத்தக்காளிக் கீரையும் ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி, “எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது. எங்கையில ரெண்டு வாட்டி கயித்த அறுத்திருக்காரு. மூச்சு விட்டுறாத சாமி” என்றார்.

கட்டிய பெண்டாட்டிக்கே அறுத்த மனுஷன் அவர்.

பத்தியத்தை முறித்ததால்தான் நான் பிழைத்தேன். ஒரு வாரத்தில் வாந்தி நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. நாற்பத்தெட்டாம் நாள் மாமனார் ஊரைக் கூட்டிப் பூசை போட்டுக் கயிற்றை அவிழ்த்து என் தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றேன். அதற்குப் பிறகு வருகிற நோயாளிகளுக்கெல்லாம் என்னை அழைத்துக் காட்டினார். சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோலத் திரும்பி நிற்கச் சொல்லிக் காட்டினார்.

இப்போது சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் பலாப்பழத்துக்கும் மிளகுக்கும் பக்கத்திலேயே பொட்டலம் பொட்டலமாகச் சூரணம் விற்கிறார்கள். மூலிகைதானே, ஒன்றும் பண்ணாது என்று சொல்லி வாங்கிப் போகிறார்கள். என் மகனும் வாங்கி வருகிறான். உங்க மாமனார் பெரிய வைத்தியராமே என்று பேச வருகிறவர்களும் உண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கிழவிக்குப் பழைய மாமனார் மருமகள் சண்டை இன்னும் ஆறவில்லை என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சோளக்காட்டுப் பெண்ணைத் தெரியாது.

எனக்குக் குணமான மறு வருஷம் அவளை அவள் புருஷன் கூட்டி வந்தான். என் வயசுதான் இருக்கும். வெறும் வயிற்றில் எரிகிறது, தின்றால் அடங்குகிறது என்று சொன்னாள். முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமனார், “இந்தா, எம் மருமவ. இவளையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு மஞ்சள் கயிறு எடுக்க உள்ளே போனார். அவள் என் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, நெசமாலுமே இந்த மருந்துலதான் சரியாச்சுங்களா?”

அடுப்படியில் அத்தை கிண்டிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. உண்மையைச் சொன்னால் அத்தைக்கு அடி விழும், எனக்குப் பிறந்த ஊர்தான். கீரை தின்னு என்று காதோடு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

“ஆமாங்க. அதுலதான்” என்றேன்.

ஒரு மாதத்தில் அவள் கறுப்பாக வாந்தி எடுத்துச் செத்துப்போனாள். துக்கத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். வாசலில் கிடத்தியிருந்த அந்த உடம்பின் அருகே மாமனார் குனிந்தார். மடியிலிருந்து கத்தியை எடுத்தார், பிணத்தின் கையைத் தூக்கிக் கயிற்றை அறுத்தார். அவள் புருஷன் நேராக என்னிடம் வந்தான். ஒவ்வொரு வேளையும் அவள் கஞ்சி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தவன் அவன்.

“உங்களுக்கு இதே மருந்துல சரியாச்சுங்களே. எனக்குத் தெரியாம அவ என்னத்தத் தின்னிருப்பாங்க?”

மாமனார் கத்தியைத் துடைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரை வெறுத்ததுபோல் என் ஆயுசில் எவரையும் நான் வெறுத்ததில்லை. ஆனாலும் என் வாய் அவருக்காகத்தான் பேசியது.

“பசி தாங்கியிருக்க மாட்டாங்க” என்றேன்.