பன்னிரண்டாவது மீட்டர்

ஏணியின் மேல்படியில் நின்றபடி, வாயில் கவ்விய ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, "ஒண்ணு!" என்று கத்துவார் ஒயர்மேன் மாமா. நடையின் அந்தக் கோடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் அவர் மனைவி, "இருக்கு!" என்பார். "ரெண்டு!" "இருக்கு!" அந்தக் குளிர்கிடங்கில் நான் வேலை பார்த்த ஒன்பது வருஷமும் கேட்ட கச்சேரி இது. இன்றைக்கும் காதிலேயே நிற்கிறது.

மருந்து வைக்கும் பன்னிரண்டு அறைகள். கதவுக்கு மேல் அறைக்கொரு வெப்பமானி மீட்டர். எல்லாவற்றையும் ஒரே ஜோடிக் கம்பியில் வரிசையாகக் கோத்து, ஒரே கம்ப்யூட்டரில் கொண்டு சேர்த்தவர் மாமா. கம்ப்யூட்டர் எண் சொல்லிக் கூப்பிட்டால், அந்த மீட்டர் மட்டும் விளக்கை ஒருமுறை சிமிட்டிவிட்டுப் பதில் சொல்லும். "கேட்டாத்தான் பேசணும். வீட்ல நான் இருக்குற மாதிரி" என்பார். "அடேயப்பா! கேக்காமலே பேசுற மீட்டர் இவரு ஒருத்தர்தான்" என்று அத்தை அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

ஒருமுறை ஏதோ நினைப்பில் இரண்டு மீட்டருக்கு ஒரே நான்காம் எண்ணை வைத்துத் தொலைத்தார். இரண்டும் ஒன்றாகப் பேச, திரையில் வெறும் குப்பை. அன்றிலிருந்துதான், எந்தக் கம்பியைத் தொட்டாலும் இந்த ஆஜர் கூப்பிடுதல்.

போன மாதம் அவர்களைப் பார்க்கக் கிடங்குக்குப் போனேன். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, அத்தைக்குக் குரலே போய்விட்டிருந்தது. மேனேஜர் வேறு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சத்தம் குடுக்க முடியாதவங்க எப்படிங்க சரிபார்ப்பாங்க? இன்னைக்கு ஒரு தடவை பாப்போம். சரிவரலேன்னா வேற ஆள்தான்."

மாமா ஏணியில் ஏறினார். பழக்கதோஷத்தில், "ஒண்ணு!" என்று கத்தியும்விட்டார். கத்திய பிறகுதான் நினைவு வந்தது. முகம் சுண்டிப்போனது.

முதல் மீட்டரின் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. உடனே இன்னொருமுறை. முதலாவது, கம்ப்யூட்டர் கேட்டதற்கு; பதில் வந்து சேர்ந்ததும், "இருக்கு" என்பதற்குப் பதிலாக அத்தை மறுபடி கூப்பிட்டது இரண்டாவது. மாமாவுக்கு அது புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரெண்டு!" என்று ஏணியை நகர்த்தினார்.

ஆறாவதிலேயே மேனேஜர், "சரி சரி, அவங்களே இருக்கட்டும்" என்றுவிட்டார். மாமா விடுவாரா?

"பன்னெண்டு!"

இரண்டு சிமிட்டலோடு அது நிற்கவில்லை. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"என்னய்யா, கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல சார். பேசுறா."

ஸ்க்ரூவை முடுக்க மறந்து, அந்த விளக்கின்மேல் கட்டைவிரலை வைத்தபடி ஏணியிலேயே நின்றார் மாமா.