தொட்டால் ஒன்றும் ஆகாத ரத்தம்

என் ஆய்வு வழிகாட்டியைப் பழிவாங்கியே தீர வேண்டும் என்ற வெறி எனக்கு எலி ரத்தத்தால் வந்தது.

காரைக்காலில் எங்கள் கல்லூரியில் எலி வளர்த்தேன். கதிர்வீச்சு பட்டால் ரத்தத்தில் உள்ள புரதங்கள் என்ன ஆகின்றன என்பதுதான் என் ஆய்வு. மருத்துவமனை ஒன்றில் கதிர் காட்டிக் கொண்டுவந்த எலிகளிடம் ரத்தம் எடுப்பேன். ஆல்புமின் என்ற புரதம் குறையும், வேறு சில ஏறும். ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கோடு கோடாகத் தெரியும். அந்த வசதி சென்னையில் வழிகாட்டியின் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. மாதம் ஒருமுறை காரில் வந்து என்னையும் சென்னைக்கு அழைத்துப்போவார். ஐஸ் பெட்டியில் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை அடுக்கித் தருவேன். "நான் ஏத்திக்கிறேன், நீ போய் உக்காரும்மா" என்பார். என்ன நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

கோடுகள் சரியாக வரவே இல்லை. சிவப்பணுக்கள் உடைந்து, சாயம் இறங்கிய துணிபோல எல்லாம் கலங்கிக் கிடந்தன.

"உனக்கு ரத்தம் எடுக்கவே வரல. எலியைப் போட்டு நசுக்குற. இன்னும் ரெண்டு தடவ இப்படி வந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எத்தனை எலிகளைக் கொன்று சேர்த்த வேலை அது! அன்று கழிவறையில் போய் அழுதேன்.

அடுத்த பயணத்தில் வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, ஐஸ் உருகிவிட்டதோ என்று பெட்டியைத் திறந்தேன். நான் போட்ட ஐஸே இல்லை. அந்த இடத்தில் செய்தித்தாள் சுற்றிய பிராந்தி பாட்டில்கள். நடுவில் என் குழாய்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் சரக்கு மலிவு. எல்லையில் பூவம் கிராமத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் காரைக் குடைந்து பார்ப்பார்கள். பெட்டியில் அவர் ஒட்டியிருந்த மஞ்சள் நிறக் கதிர்வீச்சு எச்சரிக்கை ஸ்டிக்கர் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. "ரேடியேஷன் ரத்தம் சார், தொடாதீங்க" என்பார். காவலர் பத்தடி தள்ளிப் போய்விடுவார். சுத்தப் பொய். கதிர் பட்ட எலியின் ரத்தத்தில் கதிர் இருக்காது.

பெட்டியை மூடிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

அடுத்த மாதம் புது ரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, துணி சுற்றி என் கைப்பையில் எடுத்துக்கொண்டேன். பெட்டியில் பழைய, வீணாய்ப்போன ரத்தத்தை அடுக்கினேன். சாவடியில் அவர் வழக்கமான வசனத்தைச் சொன்னார். காவலர் பின்வாங்கினார். நான் ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"தொட்டா ஒண்ணும் ஆகாதுங்க. எக்ஸ்ரே எடுத்தவங்கள நாம தொடுறதில்லையா? தாராளமாத் தொறந்து பாருங்க."

பாட்டில்கள் ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறங்கின. அவர் முகம் வெளுத்ததைக் கண்குளிரப் பார்த்தேன். என்னை ஓரமாக இழுத்தார்.

"பெட்டி உன்னுதுன்னு சொல்லும்மா. பொம்பளப் புள்ளைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அதுவரை ஒரு துளி இரக்கம் இருந்தது. அதுவும் போய்விட்டது. காவலருக்குக் கேட்கும்படி, "ரத்தம் மட்டும்தாங்க என்னுது. பாட்டில் சாரோடது" என்றேன். கைப்பையை மாட்டிக்கொண்டு, வந்த பேருந்தைக் கைகாட்டி ஏறிவிட்டேன்.

சென்னை ஆய்வுக்கூடத்தில் ஜெல்லை நானே ஓட்டினேன். ஆல்புமின் கோடு இளைத்து, மற்றவை தடித்து, அத்தனையும் பளிச்சென்று வந்தன. அவர் திரும்பி வந்ததும், அன்று சிரித்த எல்லோரும் கூடியிருந்த நேரமாகப் பார்த்து அதன் படத்தைக் கையெழுத்துக்காக அவர் மேசைமேல் வைத்தேன்.

ஒருவன் எட்டிப் பார்த்தான். "இந்தத் தடவ மட்டும் எப்படிக்கா இவ்ளோ சுத்தமா வந்துச்சு?"

"சார் பெட்டியில வைக்கலப்பா" என்றேன்.

அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.