கையெழுத்து விழாத படக்குறிப்பு

என் பெரியம்மா முப்பது வருஷம் ஒரு நாளிதழின் படக் காப்பறையில் வேலை பார்த்தார். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. எந்தப் படம் எந்த உறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு படத்தில் சறுக்கினார்.

நகைக்கடைத் திருட்டுச் செய்தி ஒன்று. புகைப்படக்காரர் சொன்னதை நம்பிப் படத்தின் பின்னால் “நகைத் திருடன்” என்று பெரியம்மா எழுதி ஒட்டினார். முதல் பக்கத்தில் வந்த முகம், கடை வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற ஒரு தையல்காரருடையது. மறுநாள் ஐந்தாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் வருத்தம் தெரிவித்துவிட்டுக் கை கழுவினார்கள். படக்குறிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் காப்பறையில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், பழையதை யாரும் திரித்துவிடக் கூடாதே. பெரியம்மா சீட்டு எழுதி அனுப்பினார். அது ஆசிரியர் மேஜையில் தூங்கியது.

அதனால் திருட்டுச் செய்தி வந்தபோதெல்லாம் யாராவது அவசரத்தில் அந்த முகத்தையே எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை தவறாமல், மூன்று மணிக்குக் காப்பறைத் தொலைபேசி அடிக்கும்.

“என் முகத்தை எடுத்துட்டீங்களாம்மா?”

“சொல்லியிருக்கேங்க.”

அந்தக் குரல் கோபப்படாது. வைத்துவிடும். திட்டித் தொலைத்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்பார் பெரியம்மா. உறையைக் கடைசி அடுக்கில், எல்லாவற்றுக்கும் அடியில் செருகுவார். அடுத்த வாரம் அது மேலே இருக்கும். யார் எடுத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

பதினெட்டு வருஷம் கழித்து ஒரு மதியம், அந்த முகமே படி இறங்கி வந்தது. படத்தில் இருந்த அதே வயது. ஒரு முடி நரைக்கவில்லை.

“உங்களுக்கு... வயசே ஆகலையா?”

“படத்துல இருக்கிறது எங்கப்பாங்க. அவர் போய் ஆறு வருஷமாச்சு. விடாம கேட்டுக்கிட்டே இருன்னு சொல்லிட்டுப் போனார். அப்புறம் போன்ல பேசினதெல்லாம் நான்தான்.” அவன் உட்காரவில்லை. “போன வாரம் மறுபடி போட்டுட்டீங்க. இப்ப அந்த முகம் எனக்குல்ல வந்திருக்கு. பஸ்ல என்னைப் பார்த்தா பையை இறுக்கிப் பிடிச்சுக்கறாங்க. வேலையும் போச்சு. என் பையனும் அச்சு அசல் என்னை மாதிரிதான்மா.”

பெரியம்மா ஆசிரியரிடம் போகவில்லை. குறிப்பைக் கிழிக்கவும் இல்லை. சிவப்பு மையால் ஒரு கோடு அடித்து, “இவர் தையல்காரர். குற்றம் செய்யாதவர். தவறு என்னுடையது” என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அவனிடம் தன் வீட்டு எண்ணையும் கொடுத்தார்.

அந்த வாரமே பெரியம்மாவின் வேலை போயிற்று. பதினெட்டு வருஷம் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட நேரமில்லாத ஆசிரியர், வேலைநீக்க உத்தரவில் உடனே போட்டார். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பெரியம்மாவோ நிம்மதியாக இருந்தார். இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினார். பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் வேறொரு பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வேலை பார்த்த நாளிதழின் பழைய முதல் பக்கத்திலிருந்து அந்த முகத்தை வெட்டி எடுத்து, அவர்களும் போட்டிருந்தார்கள்.

பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தார். எனக்கே கேட்டது, ஒரு சின்னப் பையனின் குரல். அதிலும் கோபமில்லை.

“எங்க முகத்தை எடுத்துட்டீங்களா பாட்டி?”