ஃபெர்கல் எல்லை காட்டிய நாள்

டிப்பரரிப் பக்கத்தில் ஃபெர்கல் ஓ மேராவைப் போல ஊர் எல்லை தெரிந்த ஆள் கிடையாது. எந்தக் கல் யாருடையது, எந்த ஓடை எங்கே திரும்பும், எந்த மேட்டில் யார் யாரை வெட்டினார்கள் என்று ஏழு தலைமுறைக் கதையோடு சொல்வான். கூட நடப்பவனுக்குக் கால் வலிக்கும். இவனுக்கு வாய் வலிக்காது. அந்த வாய்தான் அவனைக் கெடுத்தது.

ஊர் நிலம் முழுக்க டொனகாவுடையது. பெரிய வீட்டுப் பிள்ளையை வேறொரு வீட்டில் விட்டு வளர்ப்பது எங்கள் வழக்கம். டொனகா ஏழு வயதிலிருந்து பதினேழு வரை ஃபெர்கலின் வீட்டில் வளர்ந்தான். ஒரே தட்டில் ஓட்ஸ் கஞ்சி, ஒரே கம்பளி. எங்கள் ஆட்கள் கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுத்தாலும் கூட வளர்ந்தவனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இங்கிலீஷ்காரனோடு நடந்த சண்டையில் தோற்றோம். நிலம் வைத்திருந்த கத்தோலிக்கர்கள் எல்லாரும் ஷானன் ஆற்றைத் தாண்டி, கல்லும் காற்றுமான கோனாக்டுக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஃபெர்கலைப் போலக் கூலிக்கு உழுகிறவன் இருக்கலாம். இங்கிலீஷ் சிப்பாய்க்கு உழத் தெரியாதே. நிலத்தைச் சிப்பாய்களுக்குப் பங்கு போட ஒரு துரை அளவுச் சங்கிலியோடு வந்தார். முன்னால் நடந்து எல்லை காட்ட ஃபெர்கலையும் பக்கத்து ஊர் டைக் மாஹரையும் பிடித்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் டொனகா வந்தான்.

"அண்ணே, எல்லாத்தையும் காட்டிடு. கன்னுக்குட்டிப் பள்ளத்தை மட்டும் சதுப்புன்னு சொல்லிடு. சதுப்பை எந்தச் சிப்பாயும் கேக்க மாட்டான். நான் போறேன், கோர்ம்லாவும் புள்ளைங்களும் பத்து மாட்டோட அங்க கிடக்கட்டும். வயித்துப் புள்ளையோட இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் அவ தாங்க மாட்டா."

"இதை நீ சொல்லணுமாடா? என் நாக்கை அறுத்தாலும் வராது."

நாக்கை யாரும் அறுக்கவில்லை. ஒரு சீண்டல் போதுமாக இருந்தது.

டைக்கிடமும் ஃபெர்கல் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் ஆகாது, ஆனாலும் டைக் நல்லவன். மறுநாள் மேட்டில் ஏறியதும் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கோரைப்புல்லைக் காட்டி, "அந்தப் பக்கம் என்ன?" என்றான்.

"சதுப்புங்க," என்றான் டைக். "காக்கா இறங்கினாக்கூட முங்கிடும்."

"பேரு?"

"அதுக்கு ஏதுங்க பேரு? இந்த ஊருல பாதி இடத்துக்குப் பேரே கிடையாது. எங்க ஊருன்னா குட்டைக்குக்கூடப் பேரு உண்டு."

டைக் எப்போதும் சொல்லும் கிண்டல்தான் அது. எப்போதும் போல ஃபெர்கலுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யாரு ஊருக்குடா பேரு இல்ல? கன்னுக்குட்டிப் பள்ளம்டா அது! எங்க பாட்டன் காலத்துல அறுபது கன்னு மேஞ்ச இடம். மார்கழிக் குளிர்லயும் புல்லு பச்சையா நிக்கும். அந்த ஊத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு அப்புறம் பேசுடா!"

டைக்கின் முகம் வெளுத்தபோதுதான் ஃபெர்கலுக்கே தன் குரல் காதில் விழுந்தது. அதற்குள் துபாஷி எழுதி முடித்திருந்தான். துரை சந்தோஷமாக முதுகில் தட்டித் தன் சாராயக் குப்பியை நீட்டினார். ஃபெர்கல் வாங்கிக் குடித்தான். அவமானம் பிடுங்கித் தின்றது, இருந்தும் குடித்தான்.

பள்ளமும் சிப்பாய்களின் பங்கில் போனது. டொனகா ஓடிவந்து கேட்டான், "டைக்தானே அண்ணே? அந்தப் பயதானே உளறினான்?"

ஃபெர்கல் தரையைப் பார்த்தான். அதுவே பதிலாகிவிட்டது.

டைக் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். கூட வளர்ந்தவன் காட்டிக்கொடுத்தான் என்றால் எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? காட்டிக்கொடுத்தது போதாதென்று பொய் வேறா என்று காறித் துப்பினார்கள். சாகும்வரை அவன் வீட்டு நெருப்பில் குளிர்காய ஒருவரும் போகவில்லை. அவன் சவப்பெட்டியைத் தூக்க ஆள் இல்லாமல் ஃபெர்கல் தோள் கொடுத்தான். "இந்த மனசு யாருக்கு வரும்!" என்று ஊரே மெச்சியது. அந்த வெட்கத்தையும் விழுங்கிக்கொண்டான்.

ஆனால் ஃபெர்கலை உள்ளுக்குள் சாகடித்தது, டைக்கின் சாவுக்கு முப்பது வருஷம் முந்தி நடந்தது. டொனகாவின் குடும்பம் புறப்பட்ட காலை. டொனகா கட்டிப்பிடித்துக் குழந்தைபோல அழுதான். "எல்லாம் போச்சு, நீ ஒருத்தன் இருக்கியே அண்ணே, அது போதும்," என்றான். பிறகு மாடுகளை ஓட்ட முன்னால் போனான்.

கோர்ம்லா வயிற்றைப் பிடித்தபடி வண்டிக்கு அருகில் நின்றாள். ஃபெர்கல் அவள் கையில் வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திணிக்கப் போனான். அவள் வாங்கவில்லை.

"அன்னிக்கு நான் பள்ளத்துலதான் பால் கறந்துட்டிருந்தேன் அத்தான்," என்றாள் மெதுவாக. "உங்க குரல் மேட்டுலேர்ந்து நல்லாவே கேட்டுது."

ஃபெர்கல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"அவர்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நிலம் போச்சு, வீடு போச்சு. அவருக்கு அண்ணன் ஒருத்தனாவது மிஞ்சட்டும்."

வண்டியில் ஏறிக்கொண்டாள். திருப்பம் வரைக்கும் டொனகா திரும்பித் திரும்பிக் கையாட்டினான். ஃபெர்கலும் பதிலுக்கு ஆட்டினான்.